மிதிவெடி வேலை முடிகிறது, சீ.வி.யில் என்ன எழுத?

கேள்வி:



எனக்கு 35 வயது. ஊர் கண்டாவளைப் பக்கம். 2009இல் ஏ.எல் எடுத்திருக்க வேண்டியவள். 2008 மார்கழியில் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், கடைசியில் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். சோதனை எழுதவில்லை. 2010இல் ஊருக்குத் திரும்பினோம். பிறகு சில வருசம் வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்தேன். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராகவும் இருந்தேன். 2015இல் மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சேர்ந்தேன். 2019இலிருந்து செக்சன் லீடர். இப்போது எங்கள் திட்டம் முடிகிறது. வருகிற பங்குனியோடு ஒப்பந்தமும் முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

ரவுணிலுள்ள ஒரு கொமினிக்கேசன் கடையில் சீ.வி அடிப்பித்து, கார்மென்ட்ஸ், பினான்ஸ் கம்பனி, தொண்டு நிறுவனம் என்று பல இடங்களுக்குக் கொடுத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஓ.எல் மட்டும் படித்து, பத்து வருசம் நிலத்தைக் கிண்டிய எனக்கு வேறு என்ன வேலை தரப்போகிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

படிப்பில் விழுந்த இடைவெளியை எப்படி எழுதுவது? மிதிவெடி வேலை என்று போட்டால் யோசிப்பார்களா, அதை விட்டுவிடலாமா? என் அண்ணா புனர்வாழ்வு பெற்று வந்தவர். அவரும் வேலை தேடுகிறார். அந்தக் காலத்தை அவர் எழுதத்தான் வேண்டுமா? என் சீ.வி.யின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் சீ.வி.யைக் கடைசி வரை வாசித்தேன். நாலு பக்கம். முதற்பக்கத்தில் முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், தகப்பனார் பெயர், பால், சமயம், இனம், குடியியல் நிலை, கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, தேர்தல் தொகுதி, கிட்டிய பொலிஸ் நிலையம். இரண்டாம் பக்கம் முழுவதும் ஓ.எல் பெறுபேற்று அட்டவணை. மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும் தமிழ்த்தினப் போட்டியும். அந்தப் பக்கத்தின் அடியில், 'தொழில் அனுபவம்: 2015 முதல் இன்று வரை மிதிவெடி அகற்றும் பணியாளர்' என்று ஒரேயொரு வரி. நாலாம் பக்கத்தில் உறுதிமொழியும் கையொப்பமிடப் புள்ளிக்கோடும்.

நீங்கள் செக்சன் லீடர் என்பது எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வேலை தர வேண்டியவருக்குக் கொடுத்த தாளில் இல்லை. மாதர் சங்கத்தின் காசுக்கணக்கை வருடக்கணக்காக வைத்திருந்தீர்கள் என்பதும் இல்லை. வன்னியில் வேலைக்கு ஆள் எடுக்கிற மேசையில் இருந்து விண்ணப்பங்களைப் பிரிப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு வெற்றிடத்துக்கு ஒரு கட்டு வரும். அந்தக் கட்டைப் பிரிப்பவர் ஒவ்வொன்றிலும் முதற்பக்கத்தின் மேற்பாதியைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே அவருக்குத் தேவையான எதுவும் கண்ணில் படாவிட்டால் தாள் மறுபக்கம் போய்விடும். உங்களது மேற்பாதியில் இருந்தது தேர்தல் தொகுதி.

இதில் கடைக்காரப் பொடியனைக் குறை சொல்ல மாட்டேன். அரச விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து யாரோ ஒருகாலத்தில் செய்து வைத்த மாதிரி அவரிடம் இருக்கும். வருகிற எல்லோருக்கும் அதில் பெயரை மாற்றி அடித்துக் கொடுப்பார். அரச வேலைக்கு அந்த விபரங்கள் தேவைதான். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வருகிற பதவிகளுக்கும், வடமாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு கோருகிற பதவிகளுக்கும் சீ.வி என்று ஒன்றே கிடையாது. அவர்கள் தருகிற மாதிரிப் படிவத்தை, அவர்கள் போட்ட இலக்க ஒழுங்கில், எந்தப் பக்கத்தில் எது வரவேண்டும் என்றிருக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே நிரப்பி, கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே சொந்தமாக ஒரு வரி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தனியார் கம்பனிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் போகிற சீ.வி.யில் நிலைமை நேர்மாறு. எதை மேலே வைக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தைக் கடையிடம் விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். மிதிவெடி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். விடவே கூடாது. உங்களிடம் இருக்கிற மிகப் பலமான விடயம் அதுதான். வேலை முடிகிற இந்த நிலைமையில் நீங்கள் மட்டும் இல்லை. 2017 மார்கழியில் இலங்கை மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நாட்டிலுள்ள மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய திகதி 2028 ஜூன் 1. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் வேலை செய்த, செய்கிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது. அவர்களில் பெருந்தொகையானவர்கள் உங்களைப்போல முகமாலையிலும் முல்லைத்தீவிலும் வெயிலில் முழங்காலில் இருந்து வேலை செய்த பெண்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

'நிலத்தைக் கிண்டினேன்' என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒரு நாள் காலையில் இருந்து என்னென்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடிய ஆட்களை எண்ணி வாகனத்தில் ஏற்றினீர்கள். தளத்துக்குப் போனதும் அன்றைய வேலையையும் ஆபத்துகளையும் உங்கள் ஆட்களுக்கு விளக்கினீர்கள். டிடெக்டர் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தீர்கள். முகக்கவசமும் அங்கியும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள். யாருக்காவது காய்ச்சல், நித்திரையில்லை, வீட்டில் பிரச்சினை என்றால் அவரை அன்றைக்கு லேனுக்குள் விடவில்லை. நடுவில் ஓய்வு கொடுத்தீர்கள். காயப்பட்டவரை வெளியேற்றும் ஒத்திகையை நடத்தினீர்கள். பின்னேரம் எத்தனை சதுர மீற்றர் முடிந்தது, என்ன பொருள் எங்கே கிடைத்தது என்று பதிந்து கையெழுத்து வைத்தீர்கள். தரப் பரிசோதகர் வந்து நீங்கள் முடித்த நிலத்தைத் திரும்பச் சோதித்தார்.

இதை ஒரு ஆடைத் தொழிற்சாலையின் மனிதவள முகாமையாளரின் இடத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் இருக்கின்றன, வவுனியாவில் ஒமேகா லைன் இருக்கிறது. இப்படிப்பட்ட எந்தத் தொழிற்சாலையிலும் மெசின் ஓட்டப் பழகுவதற்கு ஆள் தேடலாம், கிடைக்கும். ஒரு குழுவை நேரத்துக்கு வரப்பண்ணி, ஒழுங்கை மீறாமல் வேலை வாங்கி, முடிந்ததை எழுத்தில் வைக்கிற ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம். தொழிற்சாலையில் ஊசி குத்தினாலும், நெருப்புப் பிடித்தாலும், மாடிப்படியில் ஆள் மயங்கி விழுந்தாலும் என்ன செய்வதென்று தெரிந்த ஆள் வேண்டும். நீங்கள் வருடக்கணக்காகச் செய்தது அந்த வேலைதான், அதுவும் ஒரு பிழைக்குக்கூட இடமில்லாத நிலத்தில். அதை அவருக்கு விளங்குகிற மாதிரி எழுத வேண்டியது உங்கள் பொறுப்பு. அவராகவே ஊகித்து அறிய மாட்டார்.

ஆகவே உங்கள் முதற்பக்கத்தின் மேற்பாதியை ஏறக்குறைய இப்படி எழுதுவேன். எண்ணிக்கைகளை உங்கள் பதிவுகளைப் பார்த்துச் சரியாகப் போடுங்கள். நான் வைத்திருப்பது உதாரணத்துக்கு:

'செக்சன் லீடர், 2019 முதல் இன்று வரை. எட்டுப் பேர் கொண்ட பிரிவின் நாளாந்த வேலைக்குப் பொறுப்பு. தினமும் பாதுகாப்பு விளக்கம், உபகரணச் சோதனை, வேலைநேர மேற்பார்வை. முடிந்த பரப்பளவு, கண்டெடுத்த பொருட்கள் பற்றி நாளாந்த எழுத்து அறிக்கை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் களப்பயிற்சி. முதலுதவிப் பயிற்சி பெற்றவர், அவசர வெளியேற்ற ஒத்திகைகளை நடத்தியவர். பொறுப்பிலிருந்த காலத்தில் பிரிவில் விபத்து ஏதும் நிகழவில்லை.

மிதிவெடி அகற்றும் பணியாளர், 2015 – 2019. சர்வதேச மிதிவெடி நடவடிக்கை நியமங்களுக்கு அமைவான எழுத்துமூல நடைமுறைகளின்படி கையால் மிதிவெடி அகற்றல்.'

செக்சன் லீடர் பகுதியின் கடைசி வரியாகப் போட்ட விபத்தில்லாக் காலம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். உண்மையானால் அந்த ஒரு வரி, 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக இயங்கக் கூடியவர்' என்று கடையில் அடித்துத் தந்த மூன்று வரியையும்விடக் கனம் கூடியது. அந்த மூன்று வரியும் எல்லாருடைய சீ.வி.யிலும் இருக்கின்றன. வாசிப்பவரின் கண் அவற்றில் நிற்பதில்லை. நேர்மையானவர் என்று நீங்களே சொல்வதைவிட, 'சங்கத்தின் சேமிப்பு, சுழற்சிக் கடன் கணக்குகளை மூன்று வருடம் பராமரித்தேன், வருடாந்தக் கணக்காய்வுக்குச் சமர்ப்பித்தேன்' என்று எழுதினால் அவரே அந்த முடிவுக்கு வருவார். ஆம், மாதர் சங்கப் பொருளாளர் பதவியைக் கட்டாயம் எழுதுங்கள். பினான்ஸ் கம்பனிக்குப் போகிற பிரதியில் அதை மேலே தூக்குங்கள். ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கடன் அறவிட்டு, பற்றுச்சீட்டு எழுதி, வங்கியில் கட்டிய அனுபவம்தான் அவர்கள் தேடுகிற அனுபவம்.

ஒரே சீ.வி.யை எல்லா இடத்துக்கும் கொடுத்ததுதான் இரண்டாவது பிழை. உண்மை ஒன்றுதான், வரிசை மட்டும் மாறும். தொழிற்சாலைக்குக் குழுப் பொறுப்பும் பாதுகாப்பும் முதலில் வரட்டும், தையல் தெரியும் என்பது அடுத்த வரி. தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் வேலைக்கு அறிக்கை எழுதியதும் ஊர்மக்களோடு பழகியதும் முதலில். அங்கே இன்னுமொன்றும் முக்கியம்: உங்களிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருந்தால் முதற்பக்கத்திலேயே போடுங்கள். கண்டாவளையில் இருந்து முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு என்று பஸ்ஸுக்குக் காத்திராமல் போய்வரக்கூடிய ஆள் என்பது வன்னியில் பெரிய தகைமை. கட்டுமானக் கம்பனிகளும் தொழிற்சாலைகளும் எடுக்கிற பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலையைப் பற்றியும் யோசியுங்கள். கேற்றில் நிற்கிற காவலாளி வேலையைச் சொல்லவில்லை, வேலைத்தளத்தில் விபத்து நடக்காமல் பார்க்கிற வேலையைச் சொல்கிறேன். கொழும்பிலுள்ள தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் அதற்கான பாடநெறிகளை நடத்துகிறது. மிதிவெடி நிலத்தில் இருந்து வருகிற ஒருவருக்கு அந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே கைவந்தது.

இடைவெளியைப் பற்றி. இங்கே வேலைக்கு ஆள் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு 2008, 2009 என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கொழும்பில் இருந்து வந்து நேர்முகப் பரீட்சை வைப்பவருக்கு ஒரு வரி போதும். கல்வித் தகைமை என்ற தலைப்பின் கீழ், ஓ.எல்லுக்கு அடுத்ததாக, '2007 – 2008 க.பொ.த. உயர்தரம் கற்றேன். போரினால் இடம்பெயர்ந்ததால் 2009 பரீட்சைக்குத் தோற்றவில்லை' என்று எழுதுங்கள். அவ்வளவுதான். எந்தெந்த ஊருக்கு ஓடினோம், யாரை இழந்தோம், முகாமில் எத்தனை மாதம் இருந்தோம் என்பதெல்லாம் அந்தத் தாளுக்கு வேண்டாம். அந்த இழப்பைச் சிறிதாக நினைத்து இதைச் சொல்லவில்லை. இரக்கத்தில் வேலை தருகிறவர் இரக்கத்தின் அளவுக்குத்தான் சம்பளமும் தருவார், பதவியும் தருவார். உங்களுக்கு அது வேண்டாம். அதேநேரம், அந்த வருடங்களை மறைத்து ஏதோ படித்தது போலவும் காட்டாதீர்கள். நேர்முகத்தில் கேட்டால், தாளில் எழுதிய அதே வரியைத் தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு, 2015இல் இருந்து செய்த வேலைக்குப் பேச்சைக் கொண்டுபோங்கள்.

2010 முதல் 2015 வரையான காலத்தை உங்கள் சீ.வி வெறுமையாக விட்டிருக்கிறது. உங்கள் கடிதத்திலோ அதே காலத்தில் தையலும் சங்கமும் இருக்கின்றன. சம்பளச் சிட்டை இல்லாத வேலையும் வேலைதான். 'சுயதொழில்: தையல், 2010 – 2015' என்று எழுதி, பாடசாலைச் சீருடை தைத்தீர்களா, சட்டையா, ரவிக்கையா என்பதையும் போடுங்கள். இங்கே இன்னொரு வழியும் இருக்கிறது. நைற்றா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்து பழகியவரைச் செய்முறையில் சோதித்து என்.வி.க்யூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். பாடநெறிக்குப் போய் மாதக்கணக்கில் இருக்கத் தேவையில்லை. செய்த தையலின் மாதிரிகள், படங்கள், உங்களிடம் தைத்தவர்களின் கடிதம் என்று ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். என்.வி.க்யூவில் ஏழு மட்டங்கள். நாலாம் மட்டம் வரைக்கும் தொழில்திறன் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். ஓ.எல்லோடு நின்றவர் என்ற நினைப்பை உங்கள் மனதில் இருந்து எடுக்க மூன்றாம் மட்டமோ நாலாம் மட்டமோ நிறைய உதவும். வீட்டில் ஓ.எல், ஏ.எல்லோடு நிற்கிற இளையவர்கள் இருந்தால், அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

ஓ.எல் பெறுபேற்றுக்கு ஒரு பக்கம் தேவையில்லை. '2006, கணிதம், தமிழ் உட்பட இத்தனை பாடங்களில் சித்தி' என்று ஒரு வரி. மூலச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் திரும்பப் பெறலாம். இணையத்தின் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். சுட்டெண் மறந்துவிட்டால் படித்த பாடசாலையில் கேளுங்கள். இதோடு சேர்த்து ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா? வன்னியில் இது ஓயாத தலைவலி. ஒவ்வொரு முறை பதிவு திரும்ப எடுக்கும்போதும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சீ.வி.யில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வேலை கிடைத்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பதியும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எல்லா இடத்துக்கும் கொடுத்துத் திரியாதீர்கள். அந்த இலக்கத்திலேயே உங்கள் பிறந்த திகதி இருக்கிறது. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் இருந்து வருகிற பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே விபரம்தான், ஆண்டு முழுதாக இருக்கும். யாரென்று தெரியாதவர் முகப்புத்தகத்தில் போட்ட விளம்பரத்துக்கு அட்டையின் பிரதியையும் கடவுச்சீட்டின் பிரதியையும் அனுப்பி அல்லற்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபின் நேரில் காட்டினால் போதும். சமயம், இனம், பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். படம் கேட்டால் மட்டும் படம்.

உங்கள் சீ.வி.யில் எனக்கு மிகவும் கவலை தந்தவை இரண்டு விடயங்கள். ஒன்று, அதிலுள்ள மின்னஞ்சல் முகவரி உங்களுடையது இல்லை, கடையினுடையது. யாராவது மின்னஞ்சலில் உங்களைக் கூப்பிட்டிருந்தால் அது கடையின் பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகி இருக்கும். இன்றைக்கே போய் அந்தப் பெட்டியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி திறந்து, கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெயரும் முதலெழுத்தும் மட்டும் போதும், பட்டப்பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். சீ.வி.யை வாட்ஸ்அப்பில் கேட்கிற இடங்கள் இங்கே கூடி வருகின்றன. தாளைப் படம் பிடித்து அனுப்பாமல் பீ.டி.எப் கோப்பாக அனுப்புங்கள், கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் இடுங்கள். கொடுத்த தொலைபேசி இலக்கத்தை வேலை கிடைக்கும்வரை மாற்றாதீர்கள்.

மற்றது, நடுவர்கள். இரண்டு பேரைப் போட்டிருக்கிறீர்கள், இரண்டாமவரின் முதலெழுத்தும் முகவரியும் உங்கள் வீட்டாருடையது போலத் தெரிகிறது. இங்குள்ள விளம்பரங்கள் எல்லாம் உறவினர் அல்லாத இருவர் என்றுதான் கேட்கும். வழக்கமாக எல்லோரும் போடுகிற கிராம அலுவலரும் அதிபரும் நல்ல மனிதர்கள், ஆனால் உங்கள் வேலையை அவர்கள் பார்த்ததில்லை. ஒருவர் உங்கள் களமுகாமையாளராகவோ மேற்பார்வையாளராகவோ இருக்கட்டும். மற்றவர் சங்கத்தோடு வேலை செய்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கலாம். பெயரைப் போடுவதற்கு முன் இருவரிடமும் கேளுங்கள், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றும் சொல்லி வையுங்கள். தொலைபேசி அடிக்கும்போது அவர் 'எந்தப் பிள்ளை?' என்று யோசிக்கக் கூடாது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் சீ.வி போகட்டும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் தெரிந்த ஒருவரின் உதவியோடு எளிய, சிறிய வசனங்களில் எழுதுங்கள். நேர்முகத்தில் உங்கள் வாயால் சொல்ல முடியாத ஒரு வசனமும் அதில் இருக்க வேண்டாம். மொழித் தகைமையில் 'தமிழ், சிங்களம், ஆங்கிலம்' என்று மட்டும் போடாமல், பேச, வாசிக்க, எழுத என்று பிரித்துச் சொல்லுங்கள். களத்தில் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளோடு வேலை செய்து சிங்களம் பேசப் பழகியிருந்தால், 'பேசுவேன், வாசிக்க மாட்டேன்' என்று எழுதுவதே பெரிய காரியம்.

அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். புனர்வாழ்வுக் காலத்தைச் சீ.வி.யில் ஒரு தலைப்பாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நான் எழுதச் சொல்ல மாட்டேன். அங்கே தச்சு, வெல்டிங், மேசன், கணினி என்று ஏதாவது பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருந்தால், அந்தப் பயிற்சியைப் பயிற்சிகளின் கீழ் எழுதலாம். அதற்குப் பிறகு செய்த மேசன் வேலை, கூலி வேலை, கடல் வேலை எல்லாவற்றையும் ஆண்டோடு எழுதட்டும். விண்ணப்பப் படிவத்திலோ நேர்முகத்திலோ நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. 'புனர்வாழ்வு முடித்து இன்ன வருடம் வீட்டுக்கு வந்தேன், அதிலிருந்து இன்ன வேலை செய்கிறேன்' என்று ஒரு வசனம். அதைக் காரணமாக வைத்து வேலை தராதவர்கள் இருக்கிறார்கள், மறைக்காமல் சொல்கிறேன். தருகிறவர்களும் இருக்கிறார்கள். சொந்தமாகத் தொழில் நடத்தும் மேசன்மாரிலும் ஒப்பந்தகாரரிலும் அவரை அறிந்த ஒருவரை நடுவராகப் போட்டால், அவரைப் பற்றிச் சொல்ல ஒரு வாய் இருக்கும். பிரதேச செயலகத்தில் இருக்கிற மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தரையும் ஒருமுறை சந்திக்கச் சொல்லுங்கள். தொழிற்சந்தைகள் நடக்கும்போது அவர்கள் ஊடாகத்தான் முதலில் தெரியவரும்.

நீளத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். ஒரு பக்கத்தில் முடிந்தால் இன்னும் நல்லது. மேலே பெயர், ஊர், தொலைபேசி, மின்னஞ்சல். அதன்கீழ் அனுபவம், பிறகு பயிற்சிகள், பிறகு கல்வி, மொழி, நடுவர். பூவேலைக் கரையும் நிற எழுத்தும் வேண்டாம். விண்ணப்பக் கடிதம் எட்டுப் பத்து வரிக்குள் இருக்கட்டும்: எந்தப் பதவி, எங்கே விளம்பரம் பார்த்தேன், அந்த வேலைக்கு என்னிடம் உள்ள பொருத்தமான இரண்டு விடயம், எப்போது வேலைக்கு வர முடியும்.

இப்போது அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பங்குனிக்கு முன் நிறுவனத்திடம் சேவைச் சான்றிதழ் கேளுங்கள். 'இவர் எம்மிடம் வேலை செய்தார்' என்ற இரண்டு வரிக் கடிதத்தோடு வந்துவிடாதீர்கள். சேர்ந்த திகதி, பதவி உயர்ந்த திகதி, பொறுப்பிலிருந்த ஆட்களின் எண்ணிக்கை, பெற்ற பயிற்சிகள், திட்டம் முடிந்ததால்தான் வேலை முடிந்தது என்ற காரணம் எல்லாம் அதில் வர வேண்டும். முதலுதவிப் பயிற்சிக்கும் மற்றப் பயிற்சிகளுக்கும் தனித்தனிச் சான்றிதழ் இருந்தால் அவற்றையும் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் மீதிக் கூற்றையும் எடுத்து வையுங்கள், அதுவும் உங்கள் சேவைக்காலத்துக்கு ஒரு சாட்சி. திட்டம் மூடி அலுவலகமும் போன பிறகு இந்தக் கடிதங்களைத் தேடி அலைவது சரியான கஷ்டம். உங்கள் செக்சனில் வேலை செய்த மற்றப் பெண்களுக்கும் இதே கடிதம் தேவைப்படும். நீங்கள் அவர்களுடைய லீடர். எல்லோருடைய விபரங்களையும் ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் சேர்த்து நீங்களே கேளுங்கள்.